பின்வாசல் திட்டில் ஒரு தனி டம்ளர்

கேள்வி



நாங்கள் கோவையில் குடியிருக்கிறோம். நானும் கணவரும் வேலைக்குப் போகிறோம். ஒரே மகள், ஏழாம் வகுப்பு படிக்கிறாள். மாமனார் தவறிய பிறகு அத்தை பொள்ளாச்சிப் பக்கத்து ஊரிலிருந்து எங்களோடு வந்துவிட்டார். அவருக்கு 74 வயது. வாசலில் யார் வந்து நின்றாலும் "வாங்க, வாங்க" என்று எழுந்து போவார். பேத்தியைக்கூட "வாங்க கண்ணு, சாப்புடுங்க" என்றுதான் கூப்பிடுவார்.

அவருக்கு என் மகள்மேல் தீராத குறை. உறவுக்காரர்கள் வந்தால் அவள் அறையிலிருந்து தலையை நீட்டி "ஹாய்" சொல்லிவிட்டுக் கதவைச் சாத்திக்கொள்கிறாள். "புள்ளைக்கு மருவாதியே தெரீல, என்ன சொல்லிக் குடுத்து வளத்துறே?" என்று என்னைக் கேட்கிறார். ஆனால் அதே பெண் ஆட்டோக்காரருக்கும் பால்காரருக்கும் கடைப் பையனுக்கும் 'தேங்க் யூ' சொல்லாமல் நகர மாட்டாள். யார்மீதாவது கால் பட்டுவிட்டால் உடனே 'ஸாரி'.

போன மாதம் ஒரு நாள் பெரிய ரசாபாசம் ஆகிவிட்டது. எங்கள் வீட்டில் பாத்திரம் தேய்க்க வருகிற அம்மாவுக்கு அத்தையைவிட வயது கூடுதலாகவே இருக்கும். அத்தை அவரை "வா, போ, வந்தியா" என்றுதான் பேசுவார். பின்வாசல் திட்டில் அவருக்கென்று ஒரு டம்ளர் கவிழ்த்து வைத்திருக்கும், காபி அதில்தான். அன்றைக்கு அத்தை ஊற்றிக்கொண்டிருக்கும்போது மகள் வந்து, "எனக்கு மரியாதை தெரியலைன்னு சொல்றீங்களே அப்பத்தா, நீங்க மட்டும் இவங்களை ஏன் வா, போங்கறீங்க? இவங்களுக்கு மட்டும் எதுக்குத் தனி டம்ளர்?" என்று கேட்டுவிட்டாள். அத்தைக்கு முகம் செத்துவிட்டது. நான் அங்கேயே மகளை அதட்டினேன். அத்தை இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. கணவர் "மன்னிப்புக் கேள்" என்கிறார். அவளோ "நான் கேட்டதுல என்ன தப்பு?" என்கிறாள்.

யார் பக்கம் நியாயம்? மரியாதை, நாகரிகம் என்று ஒரு பிள்ளைக்கு எதைத்தான் சொல்லிக் கொடுப்பது?

*பெயர் வெளியிட விரும்பாத வாசகி, கோயம்புத்தூர்*

பதில்

அன்புச் சகோதரிக்கு,

அத்தை வருந்தியது, மகள் கொதித்தது, நீங்கள் நடுவில் தவித்தது எல்லாம் உங்கள் கடிதத்தில் விவரமாக இருக்கிறது. கணவர் என்ன சொன்னார் என்பதுகூட இருக்கிறது. ஆனால் அந்த இடத்தில் இன்னொருவரும் நின்றிருந்தார். காபிக்காகக் காத்து நின்ற அந்த அம்மா என்ன செய்தார்? காபியைக் குடித்தாரா, அப்படியே வைத்துவிட்டுப் பாத்திரத்தை எடுத்துக்கொண்டாரா? மறுநாள் அவர் வந்தபோது யாராவது அவரிடம் பேசினீர்களா? அதைப் பற்றி ஒரு வரியும் இல்லை.

உங்கள்மேல் பழி போடுவதற்காக இதைக் கேட்கவில்லை. நீங்கள் கேட்டதற்கான விடை அங்கேதான் தொடங்குகிறது. பேச்சு முழுக்க அவரைப் பற்றியது. ஆனால் அவரால் மட்டும் வாயைத் திறக்க முடியாது. "ஆமாம் கண்ணு, எனக்கும் அது வருத்தந்தான்" என்று சொன்னால் வீட்டுப் பெரியவரைப் பகைத்துக்கொண்டதாக ஆகும், வேலையே போனாலும் போகலாம். "இருக்கட்டும் கண்ணு, எனக்கென்ன" என்று சொன்னால் தன் தாழ்வைத் தானே ஒப்புக்கொண்டதாக ஆகும். நல்ல மனதோடு கேட்கப்பட்ட கேள்விதான். ஆனால் அது அவரை எந்தப் பக்கமும் நகர முடியாத இடுக்கில் நிறுத்திவிட்டது. ஆண்டுக்கணக்காக அந்தத் தனி டம்ளரும் அதே இடுக்கில்தான் அவரை நிறுத்தி வைத்திருக்கிறது.

நயத்தக்க நடத்தை எது என்று என்னைக் கேட்டால் இதைத்தான் சொல்வேன்: எதிரில் இருப்பவர் ஒன்றைக் கேட்கவும் முடியாமல், கேட்காமல் இருக்கவும் முடியாமல் கூசிப் போகிற நிலைக்கு அவரைக் கொண்டுபோய் விடாமல் பார்த்துக்கொள்வது. அவர் வாய் திறக்குமுன் நம் கண் அதைக் கண்டுகொள்ள வேண்டும். வணக்கம், நன்றி, மன்னிக்கணும், 'ங்க' எல்லாம் அதற்கான கருவிகள். கருவி ஊருக்கு ஊர் மாறும், வேலை மாறாது.

இந்த வேலையில் உங்கள் அத்தை தேர்ந்தவர் என்பதை முதலில் ஒப்புக்கொள்ளுங்கள். கொங்கு நாட்டுக் கிராமத்துப் பெரிய வீட்டில் வாழ்ந்தவர்களுக்கு இது ஏட்டில் படிக்காத பெரும் படிப்பு. கூட்டமாக உறவுகள் வந்து இறங்கும்போது பொதுவாக ஒரு "வாங்க" போதாது. மாமனுக்கு ஒன்று, அவர் மனைவிக்கு ஒன்று, பின்னால் பையைத் தூக்கிக்கொண்டு வருகிற பையனுக்கு ஒன்று என்று தலைக்குத் தலை சொல்ல வேண்டும். யாராவது ஒருவர் விட்டுப்போனால் "என்னைய ஒரு வார்த்தை வாங்கன்னு சொல்லல" என்று பத்து வருஷம் பேச்சு நிற்கும். கல்யாணத்துக்கு யாரைப் போனில் கூப்பிட்டால் போதும், யார் வீட்டுக்குத் தட்டு எடுத்துக்கொண்டு நேரில் போக வேண்டும் என்பது அவருக்கு மனப்பாடம். எழவு வீட்டிலிருந்து கிளம்பும்போது "போயிட்டு வரேன்" சொல்லக் கூடாது என்பதையும், அங்கே சொல்லாமல் எழுந்து போவதுதான் முறை என்பதையும் உங்கள் மகளுக்குப் பள்ளிக்கூடத்தில் யாரும் சொல்லித் தரப்போவதில்லை.

பொள்ளாச்சிப் பக்கம் ஒரு கல்யாணப் பந்தியில் நான் பார்த்ததைச் சொல்கிறேன். எனக்கு எதிர் வரிசையில் ஒரு பெரியவர் உட்கார்ந்திருந்தார். கைநடுக்கம் உள்ளவர். குழம்புச் சோற்றை எப்படியோ சமாளித்துவிட்டார். ரசம் வந்தால் இலையில் ஓடும், பிசைந்து அள்ள முடியாது, வேட்டியில் கொட்டும். பரிமாறிக்கொண்டு வந்த நடுவயதுக்காரர் ரசவாளியோடு நாலு இலைக்கு முன்பே நின்று அவர் கையைப் பார்த்தார். பிறகு பக்கத்து மேசையிலிருந்து காகித டம்ளர்களை எடுத்து வந்தார். பெரியவருக்கு இரண்டு இலை முன்னால் இருந்தவரிடம் "ரசம் நல்லா இருக்குதுங்க, குடிச்சுப் பாருங்க" என்று டம்ளரில் ஊற்றிக் கொடுத்தார். அடுத்தவருக்கும் அப்படியே. பெரியவருக்கும் அதே வார்த்தை, அதே டம்ளர். அவரைத் தாண்டி இன்னும் ஒருவருக்கும் கொடுத்துவிட்டுத்தான் பழையபடி இலையில் ஊற்றத் தொடங்கினார். அந்த வரிசையில் யாருக்கும் எதுவும் தெரியவில்லை. பெரியவருக்குத் தெரிந்திருக்கும் என்று நினைக்கிறேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை, டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக் குடித்தார்.

"உங்களுக்குக் கை நடுங்குது, டம்ளர்ல தரட்டுங்களா?" என்று கேட்டிருந்தாலும் அது உதவிதான். ஆனால் முழுப் பந்தியும் திரும்பிப் பார்த்திருக்கும். உதவியையும் செய்து, உதவி வாங்கினவர் என்ற பேரையும் அவர்மேல் ஏற்றாமல் விட்டதில்தான் அந்த மனிதரின் உயரம் இருக்கிறது.

வள்ளுவர் விருந்தோம்பல், இனியவை கூறல், கண்ணோட்டம், பண்புடைமை என்று இதை நான்கு அதிகாரங்களில் பிரித்துப் பிரித்துப் பேசுகிறார். விருந்தோம்பலை முடிக்கும்போது விருந்தாளியின் மனம் எவ்வளவு மென்மையானது என்பதைச் சொல்ல அனிச்ச மலரைக் கொண்டுவருகிறார். அது வாடுவதற்கு மோந்து பார்க்க வேண்டும், விருந்தாளி வாடுவதற்கு நாம் முகம் திரிந்து பார்த்தாலே போதும். சோற்றையும் குழம்பையும் பற்றிச் சொல்லாமல் முகத்தைப் பற்றிச் சொன்னதைக் கவனியுங்கள். வாசலில் வந்து நிற்பவருக்கு அரை நொடி ஒரு சந்தேகம் இருக்கும்: வந்தது இவர்களுக்குப் பிடித்திருக்கிறதா, நேரம் கெட்ட நேரத்தில் வந்துவிட்டோமா என்று. அதை அவர் கேட்க முடியாது. நாம் எழுந்து வந்து சொல்லும் "வாங்க" அந்தக் கேளாத கேள்விக்குப் பதில்.

ஆகவே உங்கள் மகள் விஷயத்தில் அத்தை சொல்வது சரி. கதவிடுக்கில் ஒரு "ஹாய்", பிறகு தாழ்ப்பாள் சத்தம் என்றால், வந்தவர் மனதில் அந்தச் சந்தேகம் உறுதிப்படும். மகளை இரண்டு மணி நேரம் கூடத்தில் உட்கார வைத்து, பாட்டுப் பாடச் சொல்லி, மதிப்பெண் கேட்டு வாட்டி எடுக்க வேண்டியதில்லை. அது பிள்ளைக்கு நாம் செய்கிற அவமரியாதை, உறவுக்காரர்கள் பலர் அதை உணர்வதே இல்லை. வெளியே வந்து, பேர் சொல்லியோ உறவு சொல்லியோ "வாங்க சித்தப்பா, வாங்க அத்தை" என்று தனித்தனியாகச் சொல்லி, தண்ணீர் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, "படிக்கிறது இருக்கு, உள்ள இருக்கேன்" என்று சொல்லிப் போகட்டும். ஐந்து நிமிஷ வேலை. "மரியாதையா நடந்துக்கோ" என்று மொட்டையாகச் சொன்னால் பன்னிரண்டு வயதில் அது அதிகாரமாகத்தான் காதில் விழும். வாசலில் நிற்பவரின் அந்த அரை நொடியைப் பற்றிச் சொல்லிக் கொடுங்கள், புரிந்துகொள்வாள். வேலை செய்கிற அம்மாவுக்காகக் கேள்வி கேட்டவள், இதைப் புரிந்துகொள்ள மாட்டாளா?

ஆட்டோக்காரருக்கு அவள் சொல்லும் 'தேங்க் யூ' அப்படியே இருக்கட்டும். பெரியவர்களில் சிலர் அதை வெள்ளைக்காரப் பழக்கம் என்பார்கள். வழியில் பார்த்துப் பிரிகிற மனிதர்களிடம் நல்லெண்ணத்தைக் காட்ட இருக்கிற ஒரே வழி அந்தச் சொல்தான். அதைப் பிடுங்க வேண்டாம்.

இனி டம்ளருக்கு வருகிறேன்.

உலகம் முழுக்க மொழியியல் மாணவர்கள் படிக்கிற ஓர் ஆய்வு உண்டு. பெனிலோப் பிரௌன், ஸ்டீபன் லெவின்சன் என்ற இருவர் நயத்தகு பேச்சைப் பற்றி 1978-இல் வெளியிட்டது, 1987-இல் தனி நூலாக வந்தது. மனிதர் எவருக்கும் இரண்டு தேவைகள் உண்டு என்பது அவர்கள் வாதம். மற்றவர்கள் தன்னை மெச்ச வேண்டும் என்பது ஒன்று. தன் வழியில் யாரும் குறுக்கிட்டுத் தன்னை நெருக்கக் கூடாது என்பது இன்னொன்று. பணிவான பேச்சு எல்லாமே இந்த இரண்டுக்கும் அடி விழாமல் காப்பதற்காகத்தான், எவ்வளவு காக்கிறோம் என்பது எதிரில் இருப்பவர் நமக்கு எவ்வளவு தூரம், எவ்வளவு அதிகாரம் உள்ளவர், நாம் கேட்பது எவ்வளவு பெரியது என்பதைப் பொறுத்தது என்றார்கள். இதற்கு அவர்கள் எடுத்துக்கொண்ட மொழிகள் மூன்று. ஒன்று ஆங்கிலம். இன்னொன்று மெக்சிகோவின் மலைநாட்டில் மாயா மக்கள் பேசும் ட்செல்டால். மூன்றாவது நம் தமிழ், அதுவும் கோயம்புத்தூர் மாவட்டத்துக் கிராமம் ஒன்றில் லெவின்சன் தங்கிக் கேட்டுப் பதிவு செய்த தமிழ். உங்கள் அத்தை பேசுகிற அதே பேச்சு.

அந்த ஊரில் அவர் காதில் விழுந்தது "ங்க" மட்டும் அல்ல. எந்தச் சாதியார் எந்தச் சாதியாரை 'நீ' என்பார்கள், யாரிடமிருந்து 'நீங்க' வாங்குவார்கள் என்பதையும் எழுதி வைத்தார். அதை வைத்து ஊரின் மேல்கீழ் அடுக்கையே வரைந்துவிடலாம். கீழ்த்தெருக்காரர் முழுக் கிழவராக இருந்தாலும் மேல்தெருச் சிறுவன் "வா, போ" என்பான், கிழவர் அவனுக்கு "சாமி" போட்டுப் பேசுவார். தமிழ்நாட்டின் பல பகுதிகளில் இதைக் கண்ணால் பார்த்த தலைமுறை இன்னும் உயிரோடு இருக்கிறது.

அத்தைக்கு அந்த அம்மாவிடம் எப்படிப் பேசுவது என்று தெரியாமல் இல்லை. ஊர் கற்றுக்கொடுத்ததைத் துளி பிசகாமல் செய்கிறார். தலைக்குத் தலை "வாங்க" சொல்லக் கற்றுக்கொடுத்த அதே ஊர்தான் டம்ளரைத் தனியாகக் கவிழ்த்து வைக்கவும் கற்றுக்கொடுத்தது. இரண்டையும் அவர் ஒரே பாடமாகப் படித்தவர். அந்த அம்மா என்ன சாதி என்று நீங்கள் எழுதவில்லை. தனி டம்ளர் என்று எழுதியதே எனக்குப் போதும். தேநீர்க் கடையில் இப்படிக் குவளை வைத்தால் 1955-ஆம் ஆண்டிலிருந்து சட்டப்படி குற்றம். வீட்டுப் பின்வாசலில் வைத்தால் மட்டும் அது எப்படிப் பழக்கவழக்கம் ஆகும்?

பழைய நூல்களிலும் இந்தக் கலப்பு இருக்கிறது. நடை உடை பாவனைக்கென்றே நூறு பாட்டில் எழுதப்பட்ட நூல் பெருவாயின் முள்ளியாரின் ஆசாரக்கோவை, பதினெண்கீழ்க்கணக்கில் ஒன்று. நல்லொழுக்கத்துக்கு விதை எட்டு என்று தொடங்கி, முதல் விதையாக நன்றியறிதலை வைக்கிறார், பொறுமையும் இன்சொல்லும் பின்னால் வருகின்றன. விருந்தினர், மூத்தோர், பசு, பறவை, பிள்ளைகள் இவர்களுக்குக் கொடுக்காமல் உண்ணக் கூடாது என்கிறார். பெரியவர்களோடு பந்தியில் இருந்தால் அவர்களுக்கு முன் கை வைக்காதே, முன் எழாதே என்கிறார். அத்தை இன்றைக்கும் செய்வது இதுதான். அதே நூலில் தீட்டையும் புலையையும் பற்றிய விதிகளும் வருகின்றன. நூறும் ஒருவர் வாக்கு என்பதற்காக நூறையும் கட்டிக்கொண்டு அழ வேண்டியதில்லை. பிள்ளைகளுக்கு முதலில் சோறு போடுவதை வைத்துக்கொள்வோம், தீட்டை விட்டுவிடுவோம். அப்படிப் பிரித்தெடுக்கும் உரிமை நமக்கு இருக்கிறது.

இந்த மரியாதைப் பேச்சு மாறாது என்று சொல்பவர்களுக்குத் தொல்காப்பியரே பதில் சொல்லியிருக்கிறார். ஒருவரைப் பன்மையால் உயர்த்திச் சொல்வது இலக்கணத்தின் வழி இல்லை, மக்கள் வழக்கில் வந்தது என்று கிளவியாக்கம் என்ற இயலில் சொல்லிவிட்டார். வழக்கு என்றால் வழங்குகிறவர்கள் மாற்றலாம். மாற்றியும் இருக்கிறார்கள். 1929 பிப்ரவரியில் செங்கல்பட்டில் கூடிய முதல் சுயமரியாதை மாகாண மாநாடு பேருக்குப் பின்னால் சாதிப் பட்டம் போடுவதை விடச் சொல்லித் தீர்மானம் போட்டது. தலைமை வகித்த சௌந்திரபாண்டியன் தன் பட்டத்தை விட்டார். இன்றைக்குத் தமிழ்நாட்டில் பெரும்பாலோர் பேரோடு அப்பா பேரின் முதலெழுத்தைத் தவிர வேறு ஒட்டு இல்லாமல் எழுதுகிறோம். ஈரோட்டுக்காரரான பெரியார் தம்மைவிட எவ்வளவோ இளையவர்களையும் "வாங்க, போங்க" என்றே பேசினார் என்று அவரோடு பழகியவர்கள் சொல்லியிருக்கிறார்கள். அத்தை பேத்தியை "வாங்க கண்ணு" என்கிறாரே, அதே மண்ணின் பழக்கம்தான் அது. அந்தப் பழக்கத்தைப் பெரியார் சாதிக் கோட்டுக்கு அந்தப் பக்கமும் கொண்டுபோனார். உங்கள் அத்தையிடம் கேட்பதும் அவ்வளவுதான். புதிதாக எதையும் கற்கச் சொல்லவில்லை. கையில் இருப்பதை இன்னும் ஓரடி தள்ளிக் கொண்டுபோகச் சொல்கிறோம்.

இனி வீட்டில் என்ன செய்வது என்று கேட்பீர்கள்.

டம்ளரை முதலில் எடுத்துவிடுங்கள். அறிவிப்பு, விளக்கம், விழா எதுவும் வேண்டாம். சமையலறையில் எல்லோருக்கும் ஒரே மாதிரி டம்ளர்களை வாங்கி வையுங்கள், காலை காபியை ஒரு வாரம் நீங்களே கலந்து கொடுங்கள். அந்த அம்மாவுக்கு எந்த டம்ளர் வந்தாலும் அது வீட்டு டம்ளராக இருக்கட்டும், வீட்டுப் பாத்திரங்களோடு சேர்ந்து கழுவப்படட்டும். "இனிமே உங்களுக்குத் தனி டம்ளர் இல்லீங்க" என்று அவரிடம் சொல்லாதீர்கள். அப்படிச் சொன்னால், இத்தனை நாள் இருந்ததை நாமே உரக்கப் படித்துக் காட்டியதுபோல் ஆகும். பந்தியில் ரசம் ஊற்றிய மனிதரை நினைத்துக்கொள்ளுங்கள்.

அத்தையிடம் தனியாகப் பேசுங்கள். மகளை வைத்துக்கொண்டோ கணவரை வைத்துக்கொண்டோ வேண்டாம். "நீங்க செய்யறது தப்பு" என்று ஆரம்பித்தால் அவர் காது அடைத்துக்கொள்ளும். "வாசல்ல வர்ற எல்லாரையும் பாத்துப் பாத்துக் கவனிக்கிறீங்க. பின்வாசல்ல வர்றவங்களையும் அப்படி நீங்க கூப்பிட்டா, அதைப் பாத்துத்தான் இந்தப் புள்ள கத்துக்கும்" என்று சொல்லிப் பாருங்கள். 'ங்க' அவர் நாக்கில் உடனே வராமல் போகலாம். திடீரென்று "நீங்க" என்றால் அந்த அம்மாவுக்கேகூட கேலி செய்கிறார்களோ என்று தோன்றலாம், நெடுநாள் அடிபட்டவர்களுக்கு அப்படித் தோன்றுவது இயல்பு. அக்கா என்ற உறவுமுறை இந்த இடத்தில் கைகொடுக்கும். 'அக்கா' என்று கூப்பிட்டுவிட்டால் பின்னாலேயே 'வாங்க' தானாக வந்துவிடும். அந்த அம்மாவுக்கு அக்கா பிடிக்குமா, பேர் பிடிக்குமா என்று நீங்கள் ஒரு நாள் அவரையே கேட்கலாம். உங்கள் வீட்டில் இத்தனை நாளாக அவரை யாரும் அதைக் கேட்டிருக்க மாட்டார்கள் என்று நினைக்கிறேன். அத்தை மாறவே மாட்டேன் என்றால் நெருக்காதீர்கள். டம்ளர் உங்கள் கையில் இருக்கிறது, உங்கள் நாக்கும் உங்கள் மகள் நாக்கும் உங்கள் பொறுப்பில் இருக்கிறது. வீட்டில் மூன்று பேர் "வாங்கக்கா" என்று சொல்ல, நாலாவது ஆள் நெடுநாள் "வா, போ" என்று ஓட்ட முடியாது.

ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். 'அக்கா'வோடு நிறுத்திக்கொள்கிற வீடுகளை நிறையப் பார்த்திருக்கிறேன். வாய் நிறைய அக்கா, ஆனால் சம்பளம் ஏழாம் தேதியா பத்தாம் தேதியா என்று தெரியாது. அந்த அம்மா வேலை முடிந்த பிறகும் சேலைத் தலைப்பைக் கையில் சுற்றிக்கொண்டு வாசலில் நிற்பார். எதற்கு நிற்கிறார் என்று வீட்டில் எல்லோருக்கும் தெரியும். "என்னக்கா, இன்னும் கிளம்பலையா?" என்பார்கள். அவர் "கிளம்பணும் கண்ணு" என்று இன்னும் ஐந்து நிமிஷம் நின்றுவிட்டுப் போவார். இதைவிடப் பெரிய மரியாதைக் குறைவு எனக்குத் தெரிந்து இல்லை. சம்பளத்தை ஒன்றாம் தேதி காலையில், அவர் வந்து கை நனைக்குமுன் கொடுத்துவிடுங்கள். மாதம் எத்தனை நாள் விடுப்பு, அதற்குச் சம்பளம் பிடிப்பதில்லை, தீபாவளிக்கும் பொங்கலுக்கும் என்ன தருகிறோம் என்பதை முன்கூட்டியே பேசி முடித்துவிடுங்கள். நோம்பி நாளில் அவர் வீட்டிலும் நோம்பிதான். காய்ச்சல் என்று போன் வந்தால் "எப்ப வருவீங்க?" என்பது இரண்டாவது கேள்வியாக இருக்கட்டும். அவர் வயதுக்கு, தரையில் குத்துக்கால் போட்டு உட்கார்ந்து தேய்க்கிறாரா என்று பாருங்கள். மேடைத் தொட்டியிலேயே தேய்க்க இடம் செய்து கொடுங்கள். அவர் இதையெல்லாம் வாய்விட்டுக் கேட்க மாட்டார், கேட்க முடியாது.

கடைசியாக, மன்னிப்பு விவகாரம். கேட்ட கேள்விக்காக உங்கள் மகள் யாரிடமும் மன்னிப்புக் கேட்க வேண்டியதில்லை, கேட்க வைத்தால் நியாயத்தை வாயடைத்துப் பழக்கியதாக ஆகும். ஆனால் கேட்ட இடம் இருவரை நோகடித்தது. அப்பத்தாவிடம் போய், "அவங்க முன்னாடி உங்களைக் கேட்டிருக்கக் கூடாது அப்பத்தா, தனியா கேட்டிருக்கணும்" என்று அவள் சொல்லலாம். இது உண்மையும்கூட, அதனால் சொல்வதற்குக் கூச்சம் இருக்காது. உங்களுக்கும் ஒரு கடன் இருக்கிறது. நீங்கள் மகளை அதட்டியதும் எல்லோர் முன்னாலும்தான். அவளிடம் தனியாக உட்கார்ந்து, "நீ கேட்டது சரி, நான் அதட்டினது சரியில்லை" என்று சொல்லிவிடுங்கள்.

அந்த அம்மாவிடம் யாரும் போய் மன்னிப்புக் கேட்டு அவரைச் சங்கடப்படுத்த வேண்டாம். கேட்டால் "ஐயோ, அதெல்லாம் ஒண்ணுமில்லைங்க" என்று சொல்லி உங்களைத் தேற்றுகிற வேலையும் அவர் தலையில் விழும். டம்ளரும் ஒன்றாம் தேதிச் சம்பளமும் முதலில் நடக்கட்டும். பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், அவசரம் இல்லாத நேரத்தில், காபி கலந்து நீங்களும் உங்கள் டம்ளரை எடுத்துக்கொண்டு அவரோடு உட்காருங்கள். உள்ளே நாற்காலியில் உட்கார அவர் தயங்கினால் வற்புறுத்தாமல் நீங்கள் திட்டுக்கு வாருங்கள். அவர் பிள்ளைகள் எங்கே இருக்கிறார்கள், உடம்பு எப்படி இருக்கிறது என்று கேளுங்கள். அவர் பேச விரும்பினால் பேசட்டும், விரும்பாவிட்டால் காபியைக் குடித்துவிட்டு எழுந்து போகட்டும்.